‘ஃப்ளவர் பாட்’ என்றால் புஸ்வாணமா, பூந்தொட்டியா? குழந்தைகளின் ஆங்கிலம் பற்றி மதிப்பெண் சொல்லாத கதை

விருதுநகர் மாவட்டத்தில் சாத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிறது இருக்கன்குடி. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இடத்தில் உள்ள மாரியம்மன் கோயிலால் தென் மாவட்டங்கள் முழுக்கத் தெரிந்த ஊர். சுற்றிலும் சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி என்று பட்டாசு வட்டாரம்.

இந்தப் பக்கத்தில் ஒரு இரண்டாம் வகுப்புக் குழந்தையிடம், “ஃப்ளவர் பாட்னா என்ன?” என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். “புஸ்வாணம்” என்று பதில் வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கடையில் விற்கும் புஸ்வாணப் பெட்டியின் மேல் ஆங்கிலத்தில் ‘ஃப்ளவர் பாட்ஸ்’ என்றுதான் அச்சடித்திருக்கிறது. அந்தப் பெட்டி தயாராவதே அந்தக் குழந்தையின் ஊர்ப்பக்கத்தில்தான்.

ஆனால் விடைக்குறிப்பில் இருப்பது ‘பூந்தொட்டி’. எனவே மதிப்பெண் பூஜ்யம். மேலே போகும் அறிக்கையில் இந்தக் குழந்தை, ‘சொல் தெரியாதவர்கள்’ கணக்கில் ஒன்று.

உண்மையில் குழந்தைக்கு அந்தச் சொல் தெரியும். ஓர் அர்த்தம் தெரிந்திருக்கிறது, இன்னொன்று தெரியவில்லை. இந்த வித்தியாசத்தைப் பிடிக்கும் வேலைக்குத்தான் ‘பண்புசார் தரவு’ தேவைப்படுகிறது. குழந்தைகளுக்கு ஆங்கிலச் சொற்களைக் கற்பிப்பதில் இது ஏன் முக்கியம், எப்படிச் சேகரிப்பது, எங்கே சறுக்கும்?

இப்போது எதை அளக்கிறோம்?

கொரோனா காலத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் தொடக்க வகுப்புக் கற்றல் பற்றிய எண்களுக்குப் பஞ்சமில்லை. 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கியது. 2025-க்குள் 8 வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளும் பிழையின்றி எழுதப் படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது இலக்கு. முதலில் 1 முதல் 3-ஆம் வகுப்பு வரை. 2023-24 முதல் 4, 5-ஆம் வகுப்புகளுக்கும் வந்தது. தமிழ், ஆங்கிலம், கணக்கு ஆகிய பாடங்களில் குழந்தைகள் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துக் கற்பிக்கிறார்கள்.

இன்னொரு பக்கம், ‘பிரதம்’ அமைப்பு 2005 முதல் நடத்தும் ‘அசர்’ ஆய்வு. கிராமங்களில் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளைப் படிக்கச் சொல்லிப் பார்க்கும் கணக்கெடுப்பு இது. சில ஆண்டுகளில் ஆங்கிலமும் சேரும். இந்திய அளவில், கிராமப்புற ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளில் எளிய ஆங்கில வாக்கியங்களைப் படிக்க முடிந்தவர்கள் 2016-ல் 24.7%. 2022-ல் 24.5%. நடுவில் ஒரு பெருந்தொற்றே வந்துபோயும் எண் நகரவில்லை.

இந்த ஆய்வில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஆங்கிலத்தில் படித்துக் காட்டிய குழந்தையிடம், அதன் அர்த்தத்தைத் தன் மொழியில் சொல்லும்படியும் கேட்கிறார்கள். படித்துவிடும் குழந்தைகளில் கணிசமானவர்களுக்கு அர்த்தம் சொல்ல முடிவதில்லை என்பது அதில் திரும்பத் திரும்பத் தெரியவரும் விஷயம். அதாவது, எழுத்துக் கூட்டுவது ஒன்று. சொல் மனதில் உட்கார்வது இன்னொன்று.

எண்களைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. தமிழ்நாட்டையே களமாகக் கொண்டு அபிஜித் சிங், மௌரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் செய்த ஆய்வு ஒரு நல்ல உதாரணம். பெருந்தொற்றில் ஏற்பட்ட கற்றல் இழப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதங்களில் மீண்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு ‘இல்லம் தேடிக் கல்வி’யால் வந்தது என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. இதை எண் இல்லாமல் யாராலும் சொல்லியிருக்க முடியாது.

‘எவ்வளவு’ என்ற கேள்விக்கு எண் பதில் சொல்லும். ‘ஏன்’, ‘எப்படி’ என்று கேட்டால் அங்கே நின்றுவிடும். ஒரு குழந்தைக்குப் பத்துச் சொற்களில் ஆறு தெரியவில்லை என்றால், நாளை வகுப்பில் டீச்சர் என்ன செய்வது? அதே பத்தையும் மறுபடி சொல்லச் சொல்வதா? ‘ஆறு’ என்ற எண்ணுக்குள் அதற்கான விடை இல்லை.

பண்புசார் தரவு என்றால் என்ன?

குழந்தை சொன்ன வாக்கியம், செய்த சைகை, வரைந்த படம், டீச்சரின் நாட்குறிப்பு, அம்மாவோ பாட்டியோ சொன்ன தகவல். எண்ணாக மாற்றாமல், நடந்தது நடந்தபடி பதிவாகும் எல்லாமே பண்புசார் தரவுதான். ‘பார்த்துட்டு வந்து சொன்னேன்’ என்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒழுங்கு. யார், எப்போது, எந்தச் சூழலில், என்ன சொன்னார்கள் என்பதை ஒரே முறையில் எழுதி, பிறகு அவற்றை ஒன்றாக வைத்துப் படித்து, திரும்பத் திரும்ப வரும் விஷயங்களைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இருக்கன்குடி பக்கம் இது ஏன் கூடுதலாகத் தேவை?

மூன்று காரணங்கள்.

ஒன்று, வீட்டு மொழி. சாத்தூர், சிவகாசி கரிசல் பகுதியில் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் ஏராளம். அந்தக் குழந்தைக்கு வீட்டில் தெலுங்கு, தெருவிலும் பள்ளியிலும் தமிழ், புத்தகத்தில் ஆங்கிலம். ‘டாக்னா என்ன?’ என்று கேட்டதும் அமைதியாக இருக்கும் குழந்தைக்கு ஆங்கிலம் தெரியவில்லையா, தமிழில் சொல்லத் தயக்கமா? மதிப்பெண் தாளுக்கு இரண்டும் ஒன்றுதான். இன்னொன்றும் இருக்கிறது. தமிழில் ‘ப’ என்ற ஒரே எழுத்து இரண்டு ஒலிகளுக்கும் வேலை செய்கிறது. அதனால் ‘பன்றி’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லும் ‘பெரிய’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லும் தமிழில் எழுதினால் ஒன்றுபோலவே ‘பிக்’. தெலுங்கிலோ அந்த இரண்டு ஒலிகளும் தனித்தனி. வீட்டில் தெலுங்கு பேசும் குழந்தைக்கு இந்த இடத்தில் காது சற்று கூர்மையாக இருக்குமா? வகுப்பறையில் உட்கார்ந்து கேட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

இரண்டு, ஏற்கெனவே தெரிந்த ஆங்கிலம். பட்டாசு வட்டாரக் குழந்தைகளின் காதில் ராக்கெட், பென்சில், ஸ்டார், பேக்கிங், லேபிள், லோடு, ஷெட், லைசென்ஸ் என்று ஆங்கிலச் சொற்கள் தினமும் விழுகின்றன. இங்கே ‘பென்சில்’ எழுதவும் செய்யும், எரியவும் செய்யும். இவை ஆங்கிலச் சொற்கள் என்பதே குழந்தைக்குத் தெரியாமல் இருக்கலாம். பாடப்புத்தகம் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறது. குழந்தை பூஜ்யத்தில் இல்லை.

மூன்று, வீட்டின் பின்னணி. சிவகாசி என்றதும் குழந்தைத் தொழிலாளர் நினைவுக்கு வந்த காலம் ஒன்று இருந்தது. எம்.சி.மேத்தா தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தந்த தீர்ப்பு, சிவகாசித் தொழிற்சாலைக் குழந்தைகளில் தொடங்கி நாடு முழுமைக்குமான உத்தரவாக விரிந்தது. அபாயகரமான தொழிலில் குழந்தையை வைத்தால் முதலாளி, குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. அந்தத் தலைமுறைதான் இன்று அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி. தங்களுக்குக் கிடைக்காத படிப்பு பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும் என்பதில் அவர்கள் உறுதியாக இருக்கிறார்கள். ‘படிப்பு’ என்பதற்கு இன்றைக்குப் பல வீடுகளில் அர்த்தம் ‘இங்கிலீஷ்’.

அரசுப் பள்ளிகளில் 2012-13 முதல் ஆங்கிலவழிப் பிரிவுகள் வந்ததும், 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியதும் இந்த எதிர்பார்ப்புக்கான பதில்கள்தான். அதனால் ‘உங்க பிள்ளைக்கு இங்கிலீஷ் வரலை’ என்ற ஒரு வரி, ஒரு குடும்பத்தைக் கட்டணப் பள்ளி வரை தள்ளிவிடும். கூலி வாங்கும் குடும்பத்துக்கு அது பெரிய பணம். அந்த வரி சரியான கவனிப்பிலிருந்து வந்ததா, அவசர மதிப்பெண்ணிலிருந்து வந்ததா என்பது முக்கியமில்லையா?

இந்த மாவட்டமே எண்களின் எல்லைக்கு ஓர் எடுத்துக்காட்டு. பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் மாநிலத்தின் முன்வரிசையில் இருந்தது விருதுநகர். 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற இரண்டில் ஒன்றும் விருதுநகர்தான். மற்றது ராமநாதபுரம். ஒரு பட்டியலில் முன்னே, இன்னொன்றில் பின்னே. எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து ஊரின் முகமே மாறுகிறது.

எப்படிச் சேகரிப்பது?

சிறு குழந்தைகளிடம் கேள்வித்தாளைக் கொடுக்க முடியாது. ‘இங்கிலீஷ் வகுப்பு பிடிக்குமா?’ என்றால், கேட்பவர் முகத்தைப் பார்த்து ‘பிடிக்கும்’ என்று சொல்லிவிடுவார்கள். அதனால் வழிகள் வேறு.

வகுப்பறைக் கவனிப்பு: ஓர் ஓரமாக உட்கார்ந்து, நடப்பதை எழுதுவது. தீர்ப்பு எழுதக் கூடாது என்பது இதன் முதல் விதி. ‘இந்தக் குழந்தைக்கு ஆர்வமில்லை’ என்பது தீர்ப்பு. ‘மூன்று முறை ஜன்னல் பக்கம் பார்த்தது; ஆட்டுப் படம் வந்ததும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தது’ என்பது தரவு.

விளையாட்டோடு பேச்சு: ‘ஜம்ப்’, ‘சிட்’, ‘டச் யுவர் நோஸ்’ என்று சொல்லிச் செய்யவைப்பது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960-களில் உருவாக்கிய கற்பித்தல் முறை இது. சொல்லத் தெரியாத குழந்தையும் ‘ஜம்ப்’ என்றதும் குதிக்கும். கேட்டுப் புரிந்துகொள்ளும் சொல் வேறு, வாயால் சொல்ல வரும் சொல் வேறு. முதல் வகைதான் பெரும்பாலும் முன்னால் வரும். வாய்வழித் தேர்வு இரண்டாவதை மட்டும் எண்ணிவிட்டுப் போய்விடும்.

குழந்தையே வழிகாட்டி: அலிசன் கிளார்க், பீட்டர் மாஸ் ஆகியோர் 2001-ல் இங்கிலாந்தில் முன்வைத்த ‘மொசைக்’ முறையில், குழந்தைகளே கேமராவில் படம் எடுப்பார்கள், தங்கள் இடத்தைச் சுற்றிக் காட்டுவார்கள், வரைவார்கள். அவற்றைச் சேர்த்து வைத்துத்தான் குழந்தையின் பார்வையைப் புரிந்துகொள்வார்கள். இருக்கன்குடியில் இதைச் செய்தால், “உனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் எங்கெல்லாம் இருக்கு, காட்டு” என்று கேட்டுக் குழந்தையோடு தெருவில் நடக்கலாம். கடைப் பலகை, பேருந்து, ஷாம்பு பாக்கெட், செல்போன், கோயில் வாசல் பொம்மைக் கடை. பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு சொல் பட்டியல் அங்கே கிடைக்கும்.

வீட்டாரோடு பேச்சு: ஆலைக்குப் போகும் பெற்றோரைப் பகலில் பள்ளிக்கு வரச் சொன்னால் ஒரு நாள் கூலி போகும். அதனால் வேலை முடிந்த பிறகு, அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய்ப் பேச வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வேலை நெருக்கடியில் போனால் பேச ஆள் கிடைக்காது. மாலையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பாட்டி என்றால் பாட்டியிடமும் கேட்க வேண்டும்.

இந்த நான்கில் ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. வகுப்பில் வாயே திறக்காத குழந்தை, வீட்டில் யூடியூப் பாட்டைப் பார்த்து நிறங்களின் பெயரையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லும் என்று அம்மா சொல்லக்கூடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பிரச்சினை சொல்லிலா, கூச்சத்திலா என்று புரியும்.

ஒரு குறிப்பு எப்படி இருக்கும்?

இது கற்பனையான ஒரு மாதிரி:

“காலை 10.20. படஅட்டை விளையாட்டு, நான்கு குழந்தைகள். சுவரில் ஒட்டிய வரிசைப்படி கேட்டபோது ‘அ’ எட்டுச் சொற்களையும் கடகடவெனச் சொன்னது. அட்டைகளைக் கலைத்துக் கேட்டபோது மூன்றுதான். ‘ஃபிஷ்’ அட்டைக்கு ‘மீனு’ என்று சொல்லிவிட்டுச் சிரித்தது. ‘இங்கிலீஷ்ல?’ என்றதும் சுவரைத் திரும்பிப் பார்த்து, விரலால் எண்ணிக்கொண்டு போய், ‘ஃபிஷ்’ என்றது.”

ஐந்தாறு வரிதான். ஆனால் அந்தக் குழந்தை சொற்களை அர்த்தத்தோடு சேர்த்துப் படிக்கவில்லை, சுவரில் உள்ள இடத்தோடு சேர்த்து மனப்பாடம் செய்திருக்கிறது என்பது தெரிகிறது. தீர்வும் இதிலேயே இருக்கிறது. நாளை முதல் அட்டைகளைக் கலைத்துவிட வேண்டியதுதான்.

இப்படி இருபது முப்பது குறிப்புகள் சேர்ந்ததும் அவற்றை வகைப்படுத்தலாம். ஒலிக் குழப்பம், வேறு அர்த்தம் தெரிந்திருத்தல், வீட்டு மொழியில் மட்டும் தெரிந்திருத்தல், வரிசையாக மனப்பாடம், தெரிந்தும் சொல்லக் கூச்சம் என்று ஒவ்வொரு குறிப்புக்கும் ஓரத்தில் ஒரு பெயர் எழுதினால் போதும். எந்தப் பெயர் அதிகம் வருகிறதோ அங்கேதான் வகுப்புக்கு உதவி தேவை. ஐந்து வகைக்கும் மருந்து வேறு வேறு. மதிப்பெண் தாளில் ஐந்துக்கும் ஒரே தப்புக்குறி.

எங்கே சறுக்கும்?

ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால், முதலில் சொன்னது தப்போ என்று நினைத்துச் சிறு குழந்தைகள் பதிலை மாற்றிவிடுவார்கள். ‘இது ஆப்பிள்தானே?’ என்று விடையை உள்ளே வைத்துக் கேட்டால் ‘ஆமா’ என்றுதான் வரும். புதிய ஆள் உட்கார்ந்திருந்தால் முதல் இரண்டு நாள் வகுப்பே வேறு மாதிரி நடக்கும். அந்த நாள்களின் குறிப்பைத் தனியாக வைக்க வேண்டும். ஒரு வகுப்பில் பார்த்ததை வைத்து மாநிலம் முழுக்க இப்படித்தான் என்றும் பேச முடியாது. அதற்கு எண்ணே வேண்டும்.

நேரமும் பிரச்சினை. கற்பிப்பதைவிட இணையதளத்தில் பதிவேற்றும் வேலைதான் அதிகம் என்று ஆசிரியர் சங்கங்கள் பல ஆண்டுகளாகக் குறை சொல்லி வருகின்றன. அதன் மேல் இன்னொரு படிவமா என்ற எரிச்சல் நியாயமானது. அதனால் இதைப் படிவமாக்கக் கூடாது. ஒரு நாளைக்கு இரண்டு குழந்தைகள், ஒருவருக்கு நான்கு வரி, சாதாரண நோட்டு. 20 பேர் உள்ள வகுப்பில் 10 பள்ளி நாள்களில் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிடலாம். மேலே யாருக்கும் அனுப்ப வேண்டாம். அந்த நோட்டு அந்த டீச்சருக்கு.

அனுமதி யாரிடம்?

வெளியிலிருந்து ஆய்வுக்கு வருபவர்களுக்குப் பள்ளியின் அனுமதி மட்டும் போதாது. பெற்றோருக்குப் புரியும் மொழியில் விளக்கி ஒப்புதல் வாங்க வேண்டும். குழந்தையிடமும் கேட்க வேண்டும். ‘வேண்டாம்’ என்று எழுந்து போனால் விட்டுவிட வேண்டும். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்ட எல்லோரையும் குழந்தையாகவே கருதுகிறது. அவர்களின் தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. சில விலக்குகள் இருக்கின்றன. ஆனாலும் குழந்தை தடுமாறும் வீடியோவை வாட்ஸ்அப் குழுவில் போடுவது எந்த விலக்கிலும் சேராத தவறு. பெயருக்குப் பதில் எழுத்தோ எண்ணோ போதும்.

இந்த வட்டாரத்துக்கென்று ஒரு கவனமும் வேண்டும். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் விபத்துகள். வகுப்பில் யார் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று தெரியாது. ராக்கெட் படத்தையோ நெருப்புப் படத்தையோ காட்டியதும் ஒரு குழந்தை மௌனமானால், அதை ‘சொல் தெரியவில்லை’ என்று எழுதிவிடக் கூடாது. டீச்சரிடம் முன்கூட்டியே பேசியவர்களுக்கு எந்த அட்டையைத் தவிர்க்க வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

இது ஆய்வாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் மட்டுமான விஷயமில்லை. வீட்டில் நாலைந்து வயதுக் குழந்தை இருந்தால், தப்பாக ஒரு ஆங்கிலச் சொல் சொன்னதும் உடனே திருத்தாமல், “இதை எங்க பார்த்தே?” என்று கேட்டுப் பார்க்கலாம். பதில் பெரும்பாலும் ஒரு கார்ட்டூனிலோ பாக்கெட்டிலோ பக்கத்து வீட்டிலோ போய் முடியும். அந்தச் சொல் குழந்தைக்கு எந்த வழியாக வந்தது என்று தெரிந்துவிட்டால், சரியான அர்த்தத்தையும் அதே வழியில் அனுப்பலாம்.

இருக்கன்குடிக் குழந்தைக்கும் அதுதான். ‘ஃப்ளவர் பாட்’டுக்கு ‘புஸ்வாணம்’ என்ற பதிலைத் தப்பு என்று அடித்துவிட்டால் கதை அங்கே முடிந்தது. ‘புஸ்வாணம் என்றது, பெட்டியில் பார்த்திருக்கிறது’ என்று பக்கத்தில் ஒரு வரி எழுதினால், மறுநாள் டீச்சர் ஒரு காலிப் புஸ்வாணப் பெட்டியையும் ஒரு செடித் தொட்டியையும் மேசை மேல் வைக்கலாம். இரண்டுக்கும் ஏன் ஒரே பெயர் என்று குழந்தைகளையே கேட்கலாம். தீபாவளிக்குப் புஸ்வாணம் கொளுத்திப் பார்த்த எந்தக் குழந்தைக்கும் அந்தப் பதில் தெரியும்.